புதிய வேட்டைத் துவக்கின் (துப்பாக்கியின்) குண்டுகள் 100 மீட்டரில் நான்கு அங்குலம் பரவுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

வன்னிக்காடு (ஸ்கார்பரோ, கனடா) | செப்டம்பர் 8

அனைவருக்கும் வணக்கம். துப்பாக்கி உரிமம் கிடைத்து ஆறு மாதமாகிறது. இந்த நவம்பரில் முதல் முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன். ஒன்ராறியோவின் வடக்கே, ரைபிளுக்கு அனுமதியுள்ள பகுதியில், அனுபவமுள்ள இரண்டு நண்பர்களோடு. அதற்காக .308 வின்செஸ்டர் என்ற தோட்டா அளவில் ஒரு துவக்கு வாங்கினேன். தோளில் வைக்கும் கட்டை பிளாஸ்டிக், மெல்லிய குழல், பெட்டியிலேயே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டி வரும் வகை. கடையில் இருந்தவற்றில் விலை குறைந்தது அதுதான்.

நேற்று சுடுதளத்தில் பெஞ்சில் வைத்து 100 மீட்டரில் முப்பது தடவை சுட்டேன். ஐந்து ஐந்தாக ஆறு அட்டைகள். மிக நல்ல அட்டையில் துளைகள் மூன்று அங்குலத்துக்குள் இருந்தன, மோசமானதில் ஐந்தரை. சராசரி நான்குக்கு மேல். ஓர் அட்டையைப் பார்த்துத்தான் குழம்பிப்போனேன். மூன்று துளைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. மற்ற இரண்டும் அப்படியே சேர்ந்து, வலப்பக்கம் நான்கு அங்குலம் தள்ளிப் போயிருக்கின்றன.

என் அப்பப்பா முல்லைத்தீவுப் பக்கம் இடியன் துவக்கோடு (குழல்வாய் வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி) காட்டுக்குப் போனவர். காயம்பட்டு ஓடிய மிருகத்தைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டுக்கு வரமாட்டார் என்று அப்பா சொல்லுவார். ஒரு மானைக் காயத்தோடு காட்டுக்குள் விட எனக்கு மனம் இல்லை. இரண்டு மாதம் இருக்கிறது. குழலை மாற்றுவதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா, அல்லது பிழை என்னிடமா?

ஏழாம்வீதி (எட்மன்டன்) | செப்டம்பர் 8

விற்றுவிடுங்கள். கொஞ்சம் கூடப் போட்டு டிக்கா டி3எக்ஸ் வாங்குங்கள். பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ ஆலையில் செய்வது. 100 மீட்டரில் மூன்று வெடி ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்குள் என்று அவர்களே உறுதி தருகிறார்கள். பெட்டியிலிருந்து எடுத்துச் சுடலாம். மலிவுத் துப்பாக்கியோடு மல்லுக்கட்டி இரண்டு மாதத்தையும் தோட்டாவையும் கரைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

பனிப்புல்வெளி (ஆல்பர்ட்டா) | செப்டம்பர் 9

டிக்கா நல்ல துப்பாக்கி, மறுக்கவில்லை. ஆனால் தம்பியின் கேள்விக்கு அது விடையாகாது. இன்றைய மலிவுத் துப்பாக்கியில் மலிவாக இருப்பது பெரும்பாலும் கட்டையும், ஸ்கோப்பும், பூட்டிய கையும்தான். குழல் அல்ல.

இதன் வரலாறு தெரிந்தால் நம்பிக்கை வரும். 1958-ல் சாவேஜ் நிறுவனம் 110 என்ற மாடலைக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் நிக்கோலஸ் பிரூவர். குழலை ஆக்‌ஷனுக்குள் முறுக்கி, ஒரு பெரிய நட்டால் பூட்டுகிற முறை. (ஆக்‌ஷன் என்பது தோட்டாவை ஏற்றி வெடிக்க வைக்கும் உலோக உடல்.) தோட்டா உட்காரும் இடத்தின் ஆழத்தை அந்த நட்டைக் கொண்டே துல்லியமாக நிறுத்திவிடலாம். தேர்ந்த கைவினைஞர் உட்கார்ந்து அரம் போட வேண்டியதில்லை. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு துல்லியத்தையும் கூட்டியது. அதே வழியில்தான் அவர்களுடைய ஆக்ஸிஸ் என்ற மலிவு மாடலும் வந்தது. ரூகர் நிறுவனத்தின் அமெரிக்கன் என்ற மாடலில் கட்டைக்குள் உலோகத் தாங்கிகளைப் பதித்து, ஆக்‌ஷன் அசையாமல் உட்கார வைத்தார்கள். கணினி இயந்திரங்கள் வந்தபிறகு, முன்பு விலை உயர்ந்த துப்பாக்கிக்கு மட்டும் கிடைத்த நேர்த்தியில் பாதி எல்லோருக்கும் வந்துவிட்டது.

இப்போது உங்கள் அட்டைக்கு வருகிறேன். மூன்று ஓரிடம், இரண்டு வேறிடம். இது எனக்கு மிகவும் நல்ல செய்தி. குழல் கெட்டிருந்தால் ஐந்தும் கண்டபடி சிதறியிருக்கும். பயத்தில் விசையை (டிரிகரை) வெட்டி இழுத்திருந்தாலும் இவ்வளவு ஒழுங்காக இரண்டாகப் பிரிந்திருக்காது. ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு இடையே மாறி மாறி உட்காருகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்போம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்று காரியம் செய்யுங்கள். எல்லாம் வீட்டிலேயே. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள், போல்ட்டை (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தண்டை) கழற்றி வையுங்கள். முதலில் ஐந்து டாலர் நோட்டை குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் விட்டு, நுனியிலிருந்து ஆக்‌ஷன்வரை இழுத்துப் பாருங்கள். கனடா நோட்டுகள் 2011 முதல் பாலிமர், வழுக்கிக்கொண்டு போகும், காகிதத்தைவிட இந்த வேலைக்கு நல்லது. பிறகு சுடுதளத்தில் வைத்தது போலவே முன்கட்டையை மணல் பையில் வைத்து, மேலிருந்து கையால் அழுத்திக்கொண்டு மறுபடியும் இழுங்கள். மூன்றாவதாக, ஸ்கோப்பைத் தாங்கும் அடித்தகட்டின் திருகுகள் அசைகின்றனவா என்று பாருங்கள். வளையத் திருகு அல்ல, அதற்கும் கீழே இருப்பவை.

வன்னிக்காடு | செப்டம்பர் 9

அண்ணா, இப்போதுதான் மேசையிலிருந்து எழுந்து வருகிறேன்.

நோட்டு முதல் தடவை தடையில்லாமல் ஆக்‌ஷன்வரை போனது. பையில் வைத்து அழுத்தியபோது நுனியிலிருந்து நான்கு விரல் தூரத்தில் நின்றுவிட்டது. வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது. மேசை விளக்கை அணைத்துவிட்டு, கீழிருந்து கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் நூல் பிடித்தாற்போல் வெளிச்சக்கோடு வருகிறது. வலப்பக்கம் அந்த இடத்தில் கோடு அறுந்து இருட்டாக இருக்கிறது. கையை எடுத்தால் மறுபடியும் கோடு வந்துவிடுகிறது.

திருகுகளைப் பற்றி எழுதவே கஷ்டமாக இருக்கிறது. பின் அடித்தகட்டின் ஒரு திருகை விரல் நகத்தால் திருப்ப முடிகிறது. கடையில் பூட்டித் தந்ததை நான் சரிபார்க்கவே இல்லை.

தென்தீவு (நியூசிலாந்து) | செப்டம்பர் 10

நகத்தால் திரும்பும் திருகு என்றால் அதுவே போதும், தம்பி. நான்கு அங்குலத்தில் பாதி அங்கேயே போயிருக்கும். இங்கே தென்தீவில் மலையேறி சிவப்பு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் ஹெலிகாப்டரிலும் லாரியிலும் துப்பாக்கியைப் போட்டு அலைப்பதால், இந்தத் திருகுகளோடுதான் எங்கள் வாழ்க்கை. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கோப்பை முழுவதும் கழற்றுங்கள். வளையம், அடித்தகடு எல்லாம். திருகுகளிலும் ஆக்‌ஷனில் உள்ள துளைகளிலும் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நாளடைவில் தளரும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நன்றாகத் துடையுங்கள். அடித்தகட்டுத் திருகுகளுக்கு நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடாக்காமல் கழற்ற வராது. திருகின் இறுக்கத்தை அங்குல-பவுண்டில் அளவிடும் சிறிய டார்க் திருப்புளி ஒன்று வாங்குங்கள். இந்த முழு முயற்சியில் நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய கருவி அது ஒன்றுதான். ஸ்கோப் வளையத்தின் மேல்திருகுகளுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு. அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கார்ச் சக்கரத்தின் நட்டை இறுக்குவது போல.

அடுத்தது, கட்டையையும் ஆக்‌ஷனையும் பிணைக்கும் திருகுகள். அவற்றின் அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். பிளாஸ்டிக் கட்டைக்கு ஒரு அளவு, உலோகத் தாங்கி உள்ளதற்கு வேறு அளவு. உங்கள் கையேட்டில் போட்டிருப்பதைத்தான் பின்பற்ற வேண்டும். இணையத்தில் யாரோ சொன்னதை அல்ல, நான் சொல்வதையும் அல்ல. முறை மட்டும் சொல்கிறேன். திருகுகளை விரலால் முடிந்தவரை திருப்பிவிட்டு, துப்பாக்கியைக் குழல்வாய் மேலே பார்க்க நிமிர்த்தி, கட்டையின் அடியைத் தரையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். பின்னுதைப்பைத் தாங்கும் உலோகக் காது தன் பள்ளத்தின் பின்சுவரில் போய்ச் சேர்ந்து உட்காரும். அந்த நிலையிலேயே முன்திருகை முதலில் இறுக்குங்கள், பிறகு பின்திருகு. காது சரியாக உட்காராத துப்பாக்கி ஒவ்வொரு வெடிக்கும் மயிரிழை நகரும். அந்த மயிரிழை 100 மீட்டரில் அங்குலமாகும்.

இன்னொன்று. குழல்வாயின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே விளிம்பெல்லாம் தொட்டு இழுங்கள். நார் எங்காவது மாட்டினால் அங்கே ஒரு கீறல் இருக்கிறது. குண்டைக் கடைசியாகத் தொட்டு அனுப்பும் இடம் அது. அங்கே பழுது இருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை, கடைக்காரரிடம்தான் போக வேண்டும்.

ஏழாம்வீதி | செப்டம்பர் 10

முன்கட்டை குழலைத் தொடுகிறது என்றால் கட்டையையே மாற்றலாமே? நல்ல கட்டைகள் தனியாக விற்கிறார்கள்.

பனிப்புல்வெளி | செப்டம்பர் 10

மாற்றலாம். ஆனால் சில கட்டைகளின் விலை இந்தத் துப்பாக்கியின் விலையையே எட்டிவிடும். முதலில் உப்புத்தாள். தொடும் இடம் எதுவென்று தெரிந்துவிட்டது, எடுக்க வேண்டியது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். சும்மா இருக்கும்போது தொடாமல், அழுத்தினால் மட்டும் தொடுகிறது என்பதால் கட்டை வளைகிறது என்று பொருள். சுரண்டினால் மட்டும் போதாது, கொஞ்சம் விறைப்பும் ஊட்ட வேண்டும். முன்கட்டையின் உட்புறம் தேன்கூடு போலக் குழிகளாக இருக்கும். பழைய அலுமினிய அம்புத்தண்டு ஒன்றை அளவுக்கு வெட்டி, நீளவாக்கில் வைத்து, எப்பாக்ஸிப் பசை ஊற்றி நிரப்பிவிடுங்கள். வில்வேட்டைக்காரர் யாரிடமாவது உடைந்த அம்பு கிடைக்கும். எப்பாக்ஸி குழல் ஓடும் பள்ளத்தின் மேல்மட்டத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நுனியில் கொஞ்சம் எடை கூடும், அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

பெஞ்சில் வைக்கும் இடத்தையும் மாற்றுங்கள். பை நுனிக்குக் கீழே வேண்டாம். தோட்டாப்பெட்டிக்குச் சற்று முன்னால், கட்டை தடிமனாக இருக்கும் இடத்தில்.

வன்னிக்காடு | செப்டம்பர் 16

இரண்டு மாலைகள் உட்கார்ந்து செய்தேன். 80-ஆம் எண் உப்புத்தாளை ஒரு மரக்கம்பில் சுற்றி, வலப்பக்கச் சுவரை இழைத்தேன். பிளாஸ்டிக் தூள் தேங்காய்ப் பூ மாதிரி மடியெல்லாம் கொட்டியது. பத்து இழைப்புக்கு ஒரு முறை குழலைப் பூட்டி நோட்டை விட்டுப் பார்த்தேன். அவசரப்படவில்லை, பதறாத காரியம் சிதறாது என்று அம்மா சொல்லுவதை நினைத்துக்கொண்டே செய்தேன். இப்போது நோட்டை நான்காக மடித்து, முழு பலத்தோடு அழுத்தினாலும் தடையில்லாமல் போகிறது. அம்புத்தண்டும் எப்பாக்ஸியும் இறுகிவிட்டன. முன்பு விரலால் அழுத்தினாலே வளைந்த முன்கட்டை இப்போது அசைவதில்லை. திருகுகள் எல்லாம் தென்தீவு அக்கா சொன்னபடி. குழல்வாயில் பழுதில்லை.

சனிக்கிழமை சுட்டேன். அதே பெட்டித் தோட்டா, அதே 100 மீட்டர். ஐந்து வெடிகள் கொண்ட நான்கு அட்டைகள்: 2.6, 1.9, 2.8, 2.3. இரண்டாகப் பிரியும் நோய் போயே போய்விட்டது.

ஏழாம்வீதி | செப்டம்பர் 16

மனதாரச் சொல்கிறேன், இவ்வளவு மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை மூன்று மூன்றாகச் சுடுங்கள். வேட்டையில் மூன்றாவது வெடிக்கே தேவை வராது. ஐந்து வெடியில் மெல்லிய குழல் சூடாகி, கடைசி இரண்டும் கெடுத்துவிடும்.

குறிப்பலகை (டெக்சஸ்) | செப்டம்பர் 17

இங்கேதான் நான் குறுக்கிட வேண்டும். மூன்று வெடிக் குரூப்பை (ஓர் அட்டையில் விழும் துளைக்கூட்டத்தை) வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பல ஆண்டுகள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டது அதில்தான்.

துப்பாக்கி ஒவ்வொரு குண்டையும் மையத்தைச் சுற்றி ஓர் ஒழுங்கான சிதறலில் போடுகிறது. அந்தச் சிதறலின் அளவை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால், மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளின் இடைவெளி சராசரியாக, மூன்று வெடிக்கு 2.4 அலகு, ஐந்துக்கு 3.1, பத்துக்கு 3.8. துப்பாக்கி மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறுகிறது. ஆகவே மூன்று வெடியில் ஓர் அங்குலம் காட்டும் துப்பாக்கி, ஐந்தில் ஒன்றேகால் காட்டும், பத்தில் ஒன்றரையைத் தாண்டும். இது சராசரிக் கணக்கு. தனித்தனி அட்டையில் அதிர்ஷ்டம் இன்னும் மோசமாக விளையாடும். அதே துப்பாக்கி ஒரு முறை மூன்று வெடியை அரை அங்குலத்தில் போடும். அந்த அட்டையைத்தான் எல்லோரும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

இதில் ஏன் கறாராக இருக்கிறேன் என்றால், தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது பொய்யான முடிவு வரும். இரண்டு வகைத் தோட்டாவை மூன்று மூன்று சுட்டு, ஒன்று 1.1 அங்குலம், மற்றது 1.6 என்று வந்தால், உண்மையில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். அடுத்த வாரம் முடிவு தலைகீழாகும். பிறகு துப்பாக்கிக்குப் பேய் பிடித்தது என்று ஸ்கோப்பை மாற்றுவார்கள்.

சூட்டைப் பற்றி ஏழாம்வீதி சொல்வது சரி. அதற்கு மருந்து வெடியைக் குறைப்பதல்ல, இடைவெளியைக் கூட்டுவது. வெடிக்கு வெடி இரண்டு நிமிடம். ஐந்து முடிந்ததும் போல்ட்டைத் திறந்து நிழலில் கால்மணி நேரம் வையுங்கள்.

ஏழாம்வீதி | செப்டம்பர் 17

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் வேட்டைக்காரனுக்கு உண்மையில் முக்கியமானது குளிர்ந்த குழலின் முதல் வெடி. அதை யாரும் அளப்பதில்லை.

குறிப்பலகை | செப்டம்பர் 17

அளக்கலாம், அதுவும் அருமையான அளவை. ஒரே அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். சுடுதளத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் முதல் வெடியை மட்டும் அதில் போட்டுவிட்டு, கழற்றி எடுத்து வாருங்கள். ஐந்தாறு நாள் சேர்ந்தால், உங்கள் துப்பாக்கி காட்டில் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

பனிப்புல்வெளி | செப்டம்பர் 18

இப்போது விசை. தம்பி, மீன் நிறுக்கும் தொங்கு தராசு இருந்தால், காலித் துப்பாக்கியில் விசையில் மாட்டி இழுத்துப் பாருங்கள். சரியான அளவி இல்லைதான், ஆனால் தோராயம் தெரியும். பல மலிவுத் துப்பாக்கிகளில் ஆறு பவுண்டு, ஏழு பவுண்டு இருக்கும். துப்பாக்கியின் எடையே ஏழரை பவுண்டு என்று வையுங்கள். துப்பாக்கியைத் தூக்குகிற அளவு பலத்தை ஒரே விரலால் கொடுத்துக்கொண்டு, குறுக்குக்கோட்டை அசையாமல் வைப்பது யாருக்கும் கடினம். 2000-களின் தொடக்கத்தில் சாவேஜ் அக்குடிரிகர் என்ற தன் விசையைக் கொண்டுவந்து, வாங்கியவரே பாதுகாப்பாக இறுக்கத்தைக் குறைக்கலாம் என்று காட்டியபிறகு, மற்ற நிறுவனங்களும் விசையைக் கவனிக்கத் தொடங்கின.

உங்கள் கையேட்டில் விசையைச் சரிசெய்யும் திருகு சொல்லியிருந்தால், அதற்குள் மட்டும் சரிசெய்யுங்கள். மூன்றரை பவுண்டு போதும். காட்டில் கையுறையோடு இருக்கும் விரலுக்கு அதற்குக் கீழே வேண்டாம். அப்படித் திருகு இல்லையென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சுருள்வில்லை வெட்டுவது, உலோக முகத்தை உப்புத்தாளால் தேய்ப்பது என்று காணொலிகள் கிடக்கின்றன. அவற்றைத் தொடவே தொடாதீர்கள். கீழே தட்டினால் தானே வெடிக்கும் துப்பாக்கி உங்கள் நண்பனின் உயிருக்கு உலை.

வன்னிக்காடு | செப்டம்பர் 18

தராசில் ஆறேகால் பவுண்டு காட்டியது. கையேட்டில் சரிசெய்யும் வழி எதுவும் இல்லை. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட்டேன், ஒரு வாரமாகுமாம்.

தென்தீவு | செப்டம்பர் 19

அந்த வாரத்தை வீணாக்காதீர்கள். நண்பரிடம் .22 ரைபிள் (சிறிய தோட்டா சுடுவது) இருந்தால் கடன் கேளுங்கள், அவர் கூட இருக்கும்போது சுடுங்கள். உங்கள் ஒன்ராறியோவிலேயே, பீட்டர்பரோ அருகே லேக்ஃபீல்டில்தான் சாவேஜின் .22 வகைகள் செய்யப்படுகின்றன. எங்கள் கடைகளில்கூட அவற்றைப் பார்க்கலாம். பின்னுதைப்பு இல்லாத துப்பாக்கியில் மூச்சும் விரலும் பழகும்.

துப்பாக்கி திரும்பி வந்ததும் இன்னொரு சோதனை. தோட்டாப்பெட்டியில் உண்மைத் தோட்டாவோடு போலித் தோட்டாவையும் நண்பர் கலந்து வைக்கட்டும். எது வருகிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது.

வன்னிக்காடு | செப்டம்பர் 28

விசை இப்போது மூன்றரை பவுண்டு. தட்டிப் பார்த்து, பாதுகாப்புக் குமிழைச் சோதித்து, எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அக்கா சொன்ன போலித் தோட்டாச் சோதனையை நேற்றுச் செய்தோம். மூன்றாவது தடவை போலி வந்தது. 'டிக்' என்ற சத்தம் மட்டும். வெடிக்காத துவக்கின் நுனி என் கண்முன்னாலேயே கீழே குனிந்தது. குறுக்குக்கோடு கறுப்பு வட்டத்தை விட்டு, அட்டையையும் விட்டு, மண்மேட்டில் போய் நின்றது. தோளும் தாடையும் இறுகியிருந்தன. வெடிக்கும்போது பின்னுதைப்பு அதை மறைத்துவிடுவதால், இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்லை. அதன்பிறகு உண்மைத் தோட்டாவையே எடுக்கவில்லை. காலித் துவக்கில் ஐம்பது தடவை விசையை இழுத்துப் பழகினேன், குறுக்குக்கோடு அசையாமல் நிற்கும்வரை. இரவில் வீட்டிலும் தொடர்கிறேன். தோட்டாப் பெட்டியை வேறு அறையில் பூட்டிவிட்டுத்தான்.

குறிப்பலகை | செப்டம்பர் 28

இனித் தோட்டா. இப்போதுதான் அதற்கு நேரம். கட்டையும் விசையும் சரியாகும்முன் தோட்டாவை மாற்றியிருந்தால் எது எதனால் என்று தெரிந்திருக்காது. உங்கள் குழலின் உள்வரி (குண்டைச் சுழல வைக்கும் திருகுவரி) பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்றாகத்தான் இருக்கும், .308 வேட்டைத் துப்பாக்கிகளில் அதுவே வழக்கம். 150 முதல் 180 கிரெயின் (குண்டின் எடையை அளக்கும் அலகு) வரை எதையும் அது சுழற்றி நிலைப்படுத்தும். ஆனால் எந்தக் குழலுக்கு எது பிடிக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே மாடலின் அடுத்தடுத்த எண்ணுள்ள இரண்டு துப்பாக்கிகள் வெவ்வேறு தோட்டாவை விரும்புவதைப் பார்த்திருக்கிறேன். 150, 165, 180 மூன்றிலும் ஒரு பெட்டி வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து வெடிகள் கொண்ட மூன்று அட்டை. விலை கூடியதுதான் நன்றாகப் போகும் என்று முடிவு கட்டாதீர்கள்.

வன்னிக்காடு | அக்டோபர் 6

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரித்துச் சுட்டேன், குழல் கையால் தொடும் குளிர்ச்சிக்கு வரும்வரை காத்திருந்து.

150 கிரெயின்: 2.1, 1.8, 2.4.
165 கிரெயின்: 1.3, 1.6, 1.4.
180 கிரெயின்: 1.7, 2.0, 1.9.

165-இல் கடைசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நான்கு துளைகள் ஒரு இரண்டு டாலர் நாணயத்துக்குள் அடங்குகின்றன. ஐந்தாவது அதன் விளிம்பைத் தொடுகிறது. ஒரு மாதத்துக்கு முன் இதே துவக்கை விற்கலாமா என்று இங்கே கேட்டவன் நான்.

ஏழாம்வீதி | அக்டோபர் 6

விற்கச் சொன்னவன் நானும்தான். என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அதே லாட் எண்ணுள்ள (ஆலையில் ஒரே தொகுதியில் செய்த) பெட்டிகளாகத் தேடி இன்னும் நாலைந்து வாங்கி வையுங்கள். லாட் மாறினால் குறி மாறலாம்.

வடதுருவம் (நோர்வே) | அக்டோபர் 7

ஒரு மாதமாக வாசித்துக்கொண்டே இருந்தேன், இப்போது எழுதுகிறேன். தம்பி, உங்கள் துவக்கு தயார். இனிமேல் பெஞ்சை விட்டு எழும்புங்கள்.

நாங்கள் இங்கே பெரிய மிருக வேட்டைக்குப் போக, ஒவ்வோர் ஆண்டும் சுடும் தேர்வு எழுத வேண்டும். முதலில் முப்பது பயிற்சி வெடிகள் சுட்டதற்குக் கையெழுத்து. பிறகு 100 மீட்டரில், மிருக உருவத்தில் வரைந்த 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து வெடி. ஐந்தும் உள்ளே இருக்க வேண்டும். முப்பது சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட பன்னிரண்டு அங்குலம். உங்கள் துவக்கு ஒன்றரை அங்குலத்தில் போடுகிறது. அப்படியிருந்தும் தேர்வில் தவறுகிறவர்கள் உண்டு. பெஞ்சில் மணல் பை வைத்துச் சுட்டுப் பழகியவன் நிற்கும்போது, முழந்தாளிடும்போது தடுமாறுவான்.

மானின் நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர். ஒரு காகிதத் தட்டை 100 மீட்டரில் குத்தி வையுங்கள். உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிச் சுடுங்கள். முழந்தாளிட்டுச் சுடுங்கள். கோல் ஊன்றிச் சுடுங்கள். பத்தில் பத்தும் தட்டில் விழும் தூரம் எதுவோ, அந்த நிலையில் உங்கள் எல்லை அதுதான். துவக்கின் எல்லை 250 மீட்டராக இருக்கலாம். அது வேறு கணக்கு.

காட்டுக்குப் போடும் உடுப்போடு பழகுங்கள். தடித்த குளிர்ச்சட்டை போட்டால் கட்டை தோளிலிருந்து ஒரு விரல் முன்னால் தள்ளிப்போகும், ஸ்கோப்பில் கறுப்பு வளையம் விழும்.

வன்னிக்காடு | அக்டோபர் 20

ஐயா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. குளிர்ச்சட்டையும் அதற்கு மேலே செம்மஞ்சள் மேலங்கியும் போட்டுத்தான் சுட்டேன். (இங்கே இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் செம்மஞ்சளும், அதே நிறத் தொப்பியும் சட்டம்.) ஸ்கோப்பை ஒரு சென்டிமீட்டர் பின்னுக்கு, கண் பக்கமாக நகர்த்த வேண்டியிருந்தது. மறுபடி டார்க் திருப்புளி, மறுபடி குறி சரிபார்ப்பு.

உட்கார்ந்து: 100 மீட்டரில் பத்துக்குப் பத்து. கோல் ஊன்றி நின்று: 100 மீட்டரில் ஏழு, 60 மீட்டரில் பத்து. கை ஊன்றாமல் நின்று 50 மீட்டரிலேயே ஐந்துதான். ஆகவே கை ஊன்றாமல் சுடவே மாட்டேன் என்று முடிவெடுத்தேன். 120 மீட்டருக்கு மேல் எந்த நிலையிலும் இல்லை.

குறிப்பலகை அண்ணா சொன்ன முதல் வெடி அட்டையில் இப்போது ஆறு துளைகள் சேர்ந்துவிட்டன. ஆறும் இரண்டு அங்குலத்துக்குள். மையத்திலிருந்து அரை அங்குலம் மேலே.

தென்தீவு | அக்டோபர் 20

அருமை. கிளம்பும்முன் இனிக் குழலைச் சுத்தம் செய்யாதீர்கள். எண்ணெய் பூசிய குழலின் முதல் வெடி வேறெங்காவது போகும். உங்கள் அட்டை அழுக்குக் குழலின் அட்டை; அப்படியே கொண்டு போங்கள். ஈரம் பட்டால் வெளிப்புறம் மட்டும் துடையுங்கள்.

வன்னிக்காடு | நவம்பர் 11

திரும்பி வந்துவிட்டேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் மாலை ஓர் ஆண்மான் மரங்களுக்கு நடுவே 150 மீட்டருக்கு அப்பால் நின்றது. ஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தது, துவக்கும் தாங்கும் என்று தெரியும். சுடவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, அந்தத் தூரத்தை நான் தட்டில் சுட்டுப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்கு, விழுந்து கிடந்த ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளைவால் மான் ஒன்று பனிப்புல்லை மேய்ந்தபடி இடமிருந்து வலமாக வந்து, 85 மீட்டரில் பக்கவாட்டில் நின்றது. பின்னால் மண்மேடு. முழங்கைகள் முழங்கால்களில். விசை எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. முப்பது அடிகூட ஓடவில்லை. நான் குறிவைத்த இடத்துக்கும் சன்னம் (குண்டு) நுழைந்த இடத்துக்கும் இரண்டு விரல் இடைவெளி.

அன்று இரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எத்தனை வெடி என்றுதான் முதலில் கேட்டார். ஒன்று என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் திருகுகளை எல்லாம் மறுபடி அளந்தேன். பின் அடித்தகட்டின் அந்தப் பழைய திருகு அசையவில்லை. 165 கிரெயினில் அதே லாட்டில் நான்கு பெட்டி அலமாரியில் இருக்கிறது.